கற்பனை செய்துகொள்ளுங்கள்

கொலோசியத்துக்குள் நுழைய இப்போது பெயர் வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் ஆளின் பெயர் அச்சாகி வருகிறது. வாயிலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள். மொத்தமாக வாங்கிப் பதுக்கிக் கூடுதல் விலைக்கு விற்பவர்களை ஒழிக்க இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. கட்டம் சும்மா கிடக்க வேண்டாமே என்று அப்பாவின் பெயரை எழுதிவைப்போம். அதன் பலன், 2024 ஜூன் வெயிலில், உலகமே வந்து நிற்கிற ஒரு வரிசையில், சீருடை அணிந்த பெண் ஒருவர் என் அப்பாவின் பெயரை உரக்கப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் போகாமலேயே வாழ்ந்து முடித்த மனிதர் அப்பா. "மாமாவைக் கூப்பிடறாங்க, போங்க" என்றாள் மனைவி.

1999 செப்டம்பரில் நான் ரோமுக்கு வந்தபோது யாரும் யார் பெயரையும் கேட்கவில்லை. அப்போது கோயம்புத்தூரில் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லுக்குப் புதிதாக நூல் சுற்றும் ஆட்டோகோனர் எந்திரம் வாங்கியிருந்தார்கள். அதைக் கழற்றி மாட்டப் பழகிக்கொண்டு வா என்று வட இத்தாலிக்கு அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமைக்கு முந்தின இரவில் ரயிலேறி, விடிகாலையில் தெர்மினி நிலையத்தில் இறங்கி, கடன் வாங்கிய ஒரு புத்தகத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தேன். அந்த ஆண்டுகளில் பழைய ரோமின் பொதுமன்றமான ரோமன் ஃபோரத்துக்கு டிக்கெட் கிடையாது. 1997இல் எடுத்துவிட்டிருந்தார்கள், 2008இல்தான் மறுபடி போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறினார்கள். செனட்டர்கள் நடந்த வீதி அவர்களுக்குக் குறுக்குவழி. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் தின்றேன். எதிரே மூன்று தூண்கள் நின்றன. எந்தச் சாமியுடையவை என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் ரொட்டியின் ருசி குறையவில்லை.

இப்போது எல்லாமே தெரிகிறது. தெரியவைப்பதற்கென்று ஆள் இருக்கிறார். டிக்கெட் 18 யூரோ. அதற்கு மேல் வழிகாட்டிக்கு எவ்வளவு, காதுக்கருவிக்கு எவ்வளவு, முன்பதிவுக்கு எவ்வளவு என்பதை நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகள் கடைசிவரை சொல்லவில்லை. "விடுங்கப்பா, எல்லாத்தையும் ரூபாய்ல மாத்திப் பாக்காதீங்க" என்றாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நாங்கள் மாற்றிப் பார்த்துக்கொண்டோம்.

வழிகாட்டி ரோமிலேயே பிறந்து வளர்ந்தவர். தொல்லியல் படித்தவர். கையில் இழுத்து நீட்டுகிற கம்பி ஒன்று, அதன் நுனியில் ஆரஞ்சுத் துணி. அந்தத் துணி போகும் திசையில் நாங்கள் இருபது சொச்சம் பேர் போக வேண்டும். கழுத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியும் வலது காதில் ஒரு குமிழும் மாட்டிவிட்டார்கள். அவர் எத்தனை தூரத்தில் போனாலும் குரல் காதுக்குள் வந்து பேசியது. இது அருமையான வசதி. 1999இல் குழுக்களோடு வந்த வழிகாட்டிகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். பக்கத்தில் கல்லைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு ஓசியில் கேட்கலாம். அப்படி ஓசியில் கேட்டுத்தான் பேரரசர்கள் வெஸ்பாசியன் யார், டைட்டஸ் யார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இப்போது எல்லாரும் கிசுகிசுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பேர் வாயே திறக்காத ஒருவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நகர்கிறார்கள். ஓசிக்காரனுக்கு இனி ரோமில் இடமில்லை. எனக்கு வலது காதில் வெஸ்பாசியன், இடது காதில் மனைவி.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்தச் செங்கல் சுவர் மேல் சலவைக்கல் பதித்திருந்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இங்கே தங்க முலாம் பூசிய கூரை. அங்கே வெண்கலக் குதிரை. எங்களால் முடியவில்லை என்று முகத்தில் தெரிந்துவிட்டால், பையிலிருந்து சுருள்கம்பி போட்ட ஒரு புத்தகத்தை எடுப்பார். கீழே இன்றைய இடிபாட்டின் போட்டோ. அதன் மேல் ஓவியம் அச்சிட்ட ஒரு கண்ணாடிக் காகிதம். காகிதத்தைக் கவிழ்த்தால் உடைந்த பக்கமெல்லாம் வளர்ந்து, கூரை ஏறி, கொடி பறந்து, ரோம் முழுசாக நிற்கும். அதே மாதிரிப் புத்தகத்தை 1999இல் லிரா கொடுத்து வாங்கி ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். மகள் சின்ன வயதில் அதன் தாளைக் கவிழ்ப்பதும் எடுப்பதுமாக ஒரு பேரரசை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை எழுப்பியும் வீழ்த்தியும் விளையாடியிருக்கிறாள். காதுக்கருவி, முப்பரிமாணக் கண்ணாடி, செல்போன் செயலி எல்லாம் வந்த பிறகும் வழிகாட்டியின் பையில் கடைசி நம்பிக்கையாக இருப்பது அந்தப் பிளாஸ்டிக் தாள்தான்.

கொலோசியத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு, அந்தக் காலம் மாதிரி வருமா என்று சொல்ல வாய் துடிக்கும். கொலோசியம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1999இல் அது கறுப்பாக இருந்தது. பஸ்ஸும் காரும் வெஸ்பாவும் அதைச் சுற்றி ஓயாமல் ஓட, உலகின் மிகப் பழைய ரவுண்டானாவாக நின்றது. அத்தனை வண்டிகளின் புகையும் அதன் மேல்தான் படிந்தது. 2013இல் அந்தச் சாலையில் தனியார் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். செருப்புக் கம்பெனி முதலாளி ஒருவர் இரண்டரைக் கோடி யூரோ தர, வெளிச்சுவரைத் தண்ணீர் பீய்ச்சியும் தூரிகையால் தேய்த்தும் கழுவினார்கள். இப்போது டிராவர்டைன் கல் தேன் நிறத்தில் இருக்கிறது. அன்று வாயிலில் தலையில் சிவப்புக் குஞ்சம் வைத்த ரோமானியப் படைவீரர் ஒருவர், கையில் கடிகாரமும் வாயில் சிகரெட்டுமாக, என்னோடு போட்டோ எடுத்துக்கொள் என்று லிரா கேட்டார். 2015இன் கடைசியில் இந்த வேஷக்காரர்களைத் தடை செய்தார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சீசரின் படைகள் இவ்வளவு பொறுமையாக வாய்தா வாங்கிய வரலாறு கிடையாது.

சாரம் மட்டும் மாறவில்லை. 2000ஆம் ஆண்டின் ஜூபிலிக்காக 1999இல் ஊர் முழுக்கச் சாரம் கட்டிப் பச்சை வலை போர்த்தியிருந்தார்கள். 25 வருஷத்துக்கு ஒருமுறை கத்தோலிக்க உலகமே ரோமுக்கு யாத்திரை வரும் புனித ஆண்டு அது. 2024இல் போனபோது 2025 ஜூபிலிக்காக மறுபடியும் சாரம், மறுபடியும் வலை. நித்திய நகரம் என்று சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் நித்திய மராமத்து.

கி.பி. 80இல் டைட்டஸ் இந்த அரங்கைத் திறந்துவைத்து நூறு நாள் விளையாட்டு நடத்தினார். நுழைவு இலவசம். 80 வாயில்களில் 76க்கு எண் செதுக்கியிருந்தார்கள். சில வளைவுகளின் தலையில் அந்த எண்ணை இன்றும் படிக்கலாம். எந்த வாயிலில் ஏறி எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பது அவரவர் அந்தஸ்தைப் பொறுத்தது. செனட்டர்கள் களத்தை ஒட்டி முதல் வரிசையில். பெண்களும் அடிமைகளும் உச்சியில். வழிகாட்டி இதைச் சொன்னபோது குழுவில் இருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "மேல போனா காத்தாவது வரும்" என்றாள் என் மனைவி, முந்தானையால் விசிறிக்கொண்டே. சுமார் 50,000 பேரை உட்காரவைத்து, ஆட்டம் முடிந்ததும் நெரிசல் இல்லாமல் வெளியே அனுப்பிய கட்டடம் இது என்று காதுக்குள் குரல் பெருமைப்பட்டது. இன்றைக்கு ஒரே சமயத்தில் 3,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. அந்த 3,000 பேருக்குத்தான் அவ்வளவு வரிசை.

வழிகாட்டிக்குப் பிடித்த இன்னொரு கதை, 2023இல் ஒரு சுற்றுலாப்பயணி சாவியால் தன் பெயரையும் காதலி பெயரையும் சுவரில் கீறி மாட்டிக்கொண்டது. இந்தக் கட்டடம் இவ்வளவு பழையது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது என்று அந்த ஆள் மன்னிப்புக் கடிதம் எழுதினார். எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்துவிட்டு, மதுரை திருமலை நாயக்கர் மகால் தூண்களில் கீறியிருந்த பெயர்களையெல்லாம் நினைத்துக்கொண்டு சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1855இல் கொலோசியத்தில் வளர்ந்த செடிகொடிகளை மட்டும் வைத்து ஒரு புத்தகம் போட்டார். 420 வகை. இடிந்த படிக்கட்டுகளிலும் விரிசல்களிலும் அத்திமரமும் காட்டு ரோஜாவும் புல்லும் மண்டி, அது ஒரு தொங்கும் காடாக இருந்திருக்கிறது. இத்தாலி ஒன்றானதும் அகழாய்வாளர்கள் வந்து, செடி கட்டடத்துக்குக் கேடு என்று வேரோடு பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் பிளாஸ்டிக் தாளில் கொலோசியத்துக்குக் கொடி பறக்கிறது, பாய்க்கூரை விரிகிறது. அந்தக் காட்டுக்குத் தாள் கிடையாது. அதுவும் ஒரு காலத்துக் கொலோசியம். அதைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லி யாரும் காதில் பேசுவதில்லை.

இந்த எண்ணம் தலைக்குள் புகுந்த பிறகு எனக்கு ஃபோரத்தில் நிம்மதி போய்விட்டது. டைட்டஸ் வளைவு கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. ஜெருசலேம் கோயிலிலிருந்து ஏழு கிளை விளக்கைத் தூக்கிவரும் சிற்பம் உள்பக்கம் இருக்கிறது. வாய்பிளந்து பார்க்க வேண்டியதுதான். ஆனால் இடைக்காலத்தில் ஒரு பிரபுக் குடும்பம் இந்த வளைவைத் தன் கோட்டைச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டது. கோட்டையை இடித்தபோது வளைவும் ஆட்டம் கண்டது. 1821 வாக்கில் ஜுசெப்பே வாலாடியேர் என்ற கட்டடக் கலைஞர் அதைப் பிரித்து, போன பகுதிகளைப் புதிதாகச் செய்து மறுபடி நிறுத்தினார். ஃபோரத்தின் நடுவே வெஸ்டா கோயிலின் வட்டச் சுவரில் ஒரு துண்டு, தூண்களோடு அழகாக நிற்கிறது. எல்லாரும் அதன் முன்னால்தான் போட்டோ எடுக்கிறார்கள். அதை நிமிர்த்தி நிறுத்தியது 1930இல். செனட் கூடிய கூரியா இவ்வளவு முழுசாக இருப்பதற்குக் காரணம், அது 7ஆம் நூற்றாண்டிலேயே மாதாகோயிலாக மாறிவிட்டதுதான். அதன் வெண்கலக் கதவுகள் 17ஆம் நூற்றாண்டில் லாத்தரன் பேராலயத்துக்குப் போய்விட்டன. 1930களில் மாதாகோயிலின் அலங்காரங்களை உரித்தெடுத்துவிட்டு, பழைய ரோமை வெளியே கொண்டுவந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஜெபம் நடந்த இடம் அது. அந்த ஆயிரம் வருஷமும் சுரண்டி எறிய வேண்டிய சுண்ணாம்புப் பூச்சு ஆகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் உச்சம் வெளியே ஓடுகிற சாலை. கொலோசியத்தையும் வெனிஸ் சதுக்கத்தையும் நூல் பிடித்தாற்போல் இணைக்கும் அகலமான வீதி. 1932 அக்டோபர் 28 அன்று முசோலினி குதிரையில் வந்து திறந்துவைத்தார். தன் படைகள் அணிவகுக்கும்போது பின்னால் பேரரசர்களின் இடிபாடு தெரிய வேண்டும் என்பது ஆசை. அதற்காக வேலியா என்ற மேட்டை வெட்டிச் சாய்த்தார்கள். அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்தவர்களைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். அதில் வேடிக்கை என்னவென்றால், ரோமானிய மன்றங்களை உலகத்துக்குக் காட்டப்போகிறேன் என்று போட்ட அந்தச் சாலை, தோண்டிய மன்றங்களில் பெரும்பகுதியை மறுபடியும் மூடிவிட்டது. 2024இல் அதன் கீழே மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போனபோது தகர வேலியும் கிரேனுமாக இருந்தது. இந்த ஊரில் எதற்கு மண்வெட்டி போட்டாலும் யாராவது ஒரு பேரரசர் கிடைத்துவிடுகிறார். எஞ்சினியர் வெளியே போய் நிற்க, தொல்லியல்காரர் பிரஷ்ஷோடு உள்ளே போக வேண்டியிருக்கிறது.

அன்றும் இன்றும் என்று இரண்டே இரண்டு ரோம் இருப்பதாகப் புத்தகம் சொல்கிறது. தாளைக் கவிழ்த்தால் அன்று, எடுத்தால் இன்று. இடையில் இந்த ஃபோரம் மண் மூடி, மேலே புல் முளைத்து, மாட்டுச்சந்தை கூடிய மேய்ச்சல் நிலமாக நூற்றாண்டுக்கணக்கில் கிடந்திருக்கிறது. அதற்கு ஒரு சாட்சி பேரரசர் அந்தோனினஸும் அவர் மனைவி ஃபௌஸ்டினாவும் தெய்வமாகிக் குடியிருந்த கோயில். அதற்குள் பிறகு கட்டிய மாதாகோயிலின் வாசற்கதவு, தரையிலிருந்து பல அடி உயரத்தில், படி எதுவும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் கதவு வைத்தபோது தரை அவ்வளவு உயரத்தில் இருந்தது. பிறகு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். கதவு பழைய தரையை நம்பிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. வழிகாட்டி அதைக் காட்டிவிட்டு நடந்தார். நான் கொஞ்சம் பின்தங்கினேன். உடனே காதில் கரகரப்பு. ஆரஞ்சுத் துணி தூரத்தில் ஆடியது.

பின்தங்கக் காரணம் கதவு மட்டுமல்ல, முழங்காலும்தான். வியா சாக்ரா என்ற அந்தப் புனிதவீதியின் கருங்கற்கள் 1999இல் இவ்வளவு மேடுபள்ளமாக இருந்ததாக ஞாபகம் இல்லை. அவை அப்படியேதான் இருந்திருக்க வேண்டும். ஞாபகம் என்று வரும்போது வாலாடியேரைப் பாராட்டத் தோன்றுகிறது. அவர் டைட்டஸ் வளைவில் புதிதாகச் சேர்த்த பகுதிகளைச் சலவைக்கல்லில் செய்யாமல், வேண்டுமென்றே வேறு கல்லில், டிராவர்டைனில், நுணுக்க வேலை இல்லாமல் செய்தார். பழசு எது, ஒட்டுப்போட்டது எது என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துபோகும். என் 1999இல் அப்படி ஒரு வசதி இல்லை. ஆளில்லாத ஃபோரம், இதமான வெயில், தூணைத் தழுவிக்கொண்டு தூங்கும் பூனை எல்லாம் ஒரே சலவைக்கல்லாகப் பளபளக்கின்றன. பிலிம் ரோலில் எடுத்த போட்டோக்களைப் பார்த்தால் பாதியில் பச்சை வலையும் மீதியில் யாரோ ஒரு ஜெர்மானியரின் தொப்பியும் இருக்கின்றன.

தண்ணீரை மட்டும் எந்தக் காலமும் தொடவில்லை. தெருவோரம் ஆளுயரத்துக்குக் குறைவான வார்ப்பிரும்புக் குழாய்கள். 1874 முதல் வைக்க ஆரம்பித்து, இன்று ஊரெங்கும் சுமார் 2,500 இருக்கின்றன. வளைந்த மூக்கிலிருந்து தண்ணீர் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. சில்லென்று, காசில்லாமல். ஃபோரத்துக்குள்ளும் ஒன்று உண்டு. மனைவி அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். "சிறுவாணித் தண்ணி மாதிரியே இருக்குதுங்க" என்றாள். கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி ஓர் ஊரின் தண்ணீரைப் பற்றி இப்படிச் சொல்வது எப்பேர்ப்பட்ட சான்றிதழ் என்பது அந்த வழிகாட்டிக்குத் தெரிய நியாயமில்லை.

மாக்ஸென்ஷியஸ் பஸிலிக்காவின் மூன்று பெரிய வளைவுக்கூடங்களின் கீழே நிழல் கிடைத்தது. இதன் அடியில், பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு ஒன்று புதைந்திருக்கிறது என்றது குரல். கீழை நாடுகளிலிருந்து வந்த மிளகையும் வாசனைப் பொருள்களையும் அங்கே வைத்திருந்தார்கள். மிளகு இந்தியாவிலிருந்து வந்தது. இதைச் சொன்னதும் குழு மொத்தமும் எங்கள் மூவரையும் திரும்பிப் பார்த்தது, சரக்கை இறக்கிவிட்டு இப்போதுதான் வருகிறோம் என்பதுபோல. ஒரு டெக்சாஸ்காரர் எனக்கு வணக்கமே வைத்துவிட்டார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி புலம்பி எழுதியதையும் குரல் சொன்னது. கி.பி. 408இல் விசிகோத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப்போகக் கேட்ட பணயப் பட்டியலில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது.

நான் பிளினியை மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "வாங்கின மிளகுக்குக் காசு குடுத்ததை இத்தனை வருசமா சொல்லிக்காட்டறாங்களா?" என்றாள்.

மிளகு சேரநாட்டுச் சரக்கு. மலையாளக்கரைத் துறைமுகங்களில் கப்பல் ஏறியது. ஆனால் அதற்கு வந்த காசில் ஒரு பங்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் வந்தது. படியூரில் பெரில் கல் வெட்டினார்கள். கொடுமணலில் அதைப் பட்டை தீட்டினார்கள். அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் போட்ட வெள்ளிக் காசுகள் கொங்குநாட்டு மண்ணில் பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன. கரூரில், பொள்ளாச்சியில், கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில். அப்பா ஒருநாளும் போகாத அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய ஊர்ப்பக்கம் வரை ரோமாபுரியின் காசு நடந்தே வந்திருக்கிறது.

சீசரை எரித்த இடத்தில் தகரக் கூரையின் கீழ் ஒரு மண்மேடு. அதன் மேல் யாரோ புதுப்பூ வைத்திருந்தார்கள். 1999இலும் பூ இருந்தது. கொலை நடந்தது இங்கே இல்லை, சற்றுத் தள்ளி உள்ள லார்கோ அர்ஜென்டினாவில் என்பதை வழிகாட்டி அழுத்திச் சொன்னார். அங்கே அன்று சாலையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் திரியும் பூனைகளைத்தான் பார்க்க முடியும். 2023 ஜூனிலிருந்து உள்ளே இறங்கி நடக்கப் பாதை போட்டு 5 யூரோ வாங்குகிறார்கள். பூனைகளுக்கு இன்னும் இலவசம்.

சுற்று முடிந்தது. காதுக்கருவிகளைத் திரும்ப வாங்கிப் பையில் எண்ணிப் போட்டுக்கொண்டே வழிகாட்டி எந்த ஊர் என்று கேட்டார். கோயம்புத்தூர் என்று சொல்லி, மிளகையும் பெரிலையும் சொல்லி, வெள்ளலூர்க் காசுகளையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று மணி நேரமாக வெயிலில் ஒப்பித்த களைப்பு போய், தொல்லியல் படித்த பெண் வெளியே வந்துவிட்டார். அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது, மியூசியம் உண்டா, பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

வெள்ளலூரில் இப்போது பார்க்க இருப்பது மாநகராட்சிக் குப்பைக்கிடங்கு. ஊர்க் குப்பையெல்லாம் லாரி லாரியாக அங்கேதான் போகிறது. கோடையில் தீப்பிடித்தால் புகை எங்கள் தெரு வரை வரும். இதை எப்படிச் சொல்வது என்று நான் இழுத்தேன். "அங்க குப்பை கொட்டறாங்கன்னு சொல்லுங்கப்பா, அதுக்கென்ன" என்று மகளே சொல்லிவிட்டாள்.

வழிகாட்டி முகம் சுளிக்கவில்லை. எங்களிடமும் ஒன்று இருக்கிறதே என்றார். டைபர் ஆற்றுப் பக்கம் டெஸ்டாச்சோ மேடு. சுமார் 35 மீட்டர் உயரம். ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகளை, கசடு ஊறிப்போய் மறுபடி பயன்படாது என்று உடைத்து உடைத்துக் கொட்டியே உருவான குன்று. 5 கோடிக்கு மேல் சாடிகள் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடுக்கடுக்காக ஒழுங்காக அடுக்கி, நாற்றம் அடிக்காமல் இருக்க மேலே சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். சில சாடிகளில் வியாபாரியின் பெயர், எடை, ஆண்டு எல்லாம் எழுதியிருப்பதால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது பெரும் பொக்கிஷம். அடிவாரத்தைக் குடைந்து சரக்கறை ஆக்கி, இப்போது ஓட்டல்களும் நடன விடுதிகளும் நடக்கின்றன. மேட்டைச் சுற்றி வேலி. ஒரு ஓடு எடுத்தாலும் குற்றம்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, அந்தக் குப்பைமேட்டுக்கும் டிக்கெட் உண்டான்னு கேளுங்க."

உண்டு. நினைத்த நேரத்தில் போக முடியாது. முன்பதிவு செய்து, குழுவாக, வழிகாட்டியோடுதான் போக முடியுமாம். மகள் அதற்குள் செல்போனை எடுத்து, காலியாக இருக்கிற தேதி பார்க்க ஆரம்பித்திருந்தாள்.